சேர்வராயன் மலையில் எழுந்த வினா

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்வோர் பெரும்பாலும் சேர்வராயன் கோயிலைக் காணாமல் திரும்புவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 5326 அடி உயரத்தில், மரங்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டாற்போலப் பரந்து கிடக்கிறது ஒரு புல்வெளி. அதன் ஓரத்தில் ஒரு குகை. அக்குகையில் சேர்வராயரும் காவேரி அம்மனும் குடிகொண்டிருப்பதாக மலைவாழ் மக்கள் போற்றி வழிபடுகின்றனர். மே மாதத் திருவிழாவின்போது மலையூர்கள் அனைத்தும் அங்கே திரண்டுவிடும். மற்ற நாள்களில் காற்றின் ஓசையன்றி வேறோசை மிகுதியாக இராது.

நம் துறை மாணவர்களோடு சுற்றுலாச் சென்றிருந்தபோது, அந்தப் புல்வெளியில் நின்று இயற்பியல் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். பகுதி ஒன்றில் தமிழ் பயில்பவர், கூர்மையானவர். “ஐயா, இவ்வளவு உயரமும் இவ்வளவு வெட்டவெளியும் வேறெங்கே கிடைக்கும்? நாங்கள் செய்து வைத்திருக்கும் ராக்கெட்டை இங்கிருந்தே விட்டால் என்ன?”

“கூடாது, தம்பி” என்றேன்.

“ஏன் கூடாது, ஐயா?”

என்னிடம் விடை இல்லை. அச்சம் மட்டுமே இருந்தது. அவ்வச்சத்திற்கும் காரணம் உண்டு. என் சின்னத்தா இளமையில் எங்களூர்க் கந்தூரிக்கு வாணம் கட்டுபவரிடம் எடுபிடியாக இருந்தவர். ஒரு மாலைப்பொழுதில் குழலுக்குள் மருந்து கிட்டிக்கும்போது அது பற்றிக்கொண்டது. வலக்கை விரல்களில் மூன்று போயின. கையொப்பத்தைக்கூட அவர் இறுதிவரை இடக்கையாலேயே இட்டார். ஆகவே ‘ராக்கெட்’ என்னும் சொல் என் செவியில் விழுந்ததும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைதான்.

பேருந்தில் திரும்பும் வழியில் மெல்ல விசாரித்தேன். மாதிரி ராக்கெட்டின் உடல் ஆயத்தமாக இருக்கிறது, உந்துபொறி மட்டும் இனிமேல்தான் என்றார். எதனால் செய்யப்போகிறீர்கள் என்றேன். “தண்ணீர்க் குழாய்தான் ஐயா, இரும்பு. தாங்கள்தானே வகுப்பில் சொன்னீர்கள், திப்பு சுல்தானின் வாணம் வென்றதற்குக் காரணமே இரும்புக் குழல் என்று?”

உண்மை. நான்தான் சொன்னேன், அதுவும் பெருமிதத்தோடு சொன்னேன். பாதியளவு மட்டும் சொல்லப்பட்ட உண்மை ஒரு பிள்ளையின் கையில் இரும்புக் குழாயாக மாறி நின்றது. சொல்லாமல் விட்ட மறுபாதியை எழுதுவதற்காகவே இக்கட்டுரை. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். இயற்பியல் துறை நண்பர்களிடம் பல நாள் மாலை அமர்ந்து கேட்டும், நூல்களைப் புரட்டியும், தாளில் கணக்கிட்டும் அறிந்துகொண்டவற்றையே இங்கே தருகிறேன்.

வாணமும் குச்சியும்

வடமொழியில் அம்பைக் குறிக்கும் சொல்லே தமிழில் ‘வாணம்’ என வழங்கிற்று; மைசூர்ப் படையினர் தம் ராக்கெட்டை ‘பாண்’ என்றனர். இரண்டும் ஒரு வேரின. ‘ஏவூர்தி’, ‘ஏவுகலம்’ என்றெல்லாம் இன்று நாம் ஆக்கிக்கொண்ட சொற்கள் நல்லனவே. எனினும் வாணம் என்னும் சொல்லுக்குள் ஒரு பொறியியல் வரலாறே அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

தீபாவளி இரவில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிவகாசி ராக்கெட்டை ஒரு வெறும் புட்டியில் செருகிப் பற்றவைப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அந்தச் சிறு காட்சியில் மூன்று உறுப்புகள் உள்ளன. மருந்தடைத்த காகிதக் குழல் உந்துபொறி. அதனோடு கட்டிய குச்சி, நேராகச் செல்ல வைப்பது. புட்டி, புறப்படும் திசையைக் காட்டுவது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த ராக்கெட் எதிர்வீட்டுத் திண்ணைக்குள் புகுந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் பேரூர்திகளும் இம்மூன்றையே வேறு வடிவங்களில் கொண்டவை.

ஐதர் அலியும் திப்பு சுல்தானும் செய்த மாற்றம் முதல் உறுப்பில் நிகழ்ந்தது. காகிதம், அட்டை முதலியவற்றால் ஆன குழல் உள்ளழுத்தம் மிகுந்தால் கிழிந்துவிடும். ஆகவே மருந்தை நெருக்கி அடைக்க இயலாது. உந்துவிசையும் குறைவாகவே கிட்டும். இரும்புக் குழலோ அழுத்தத்தைத் தாங்கியது. அதனால் மைசூர் வாணங்கள் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று தாக்கின. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை சிதறியபோது, கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதற்கு இவ்வாணங்களே காரணம் என வரலாற்றாசிரியர் கூறுவர். அப்போரின் ஓவியத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் காணலாம். 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர், கைப்பற்றப்பட்ட வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றை ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகள் 1807இல் கோபன்ஹேகன் நகரை எரித்தன.

நம் சேலமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. பாராமகால் நாடும் சேலமும் மைசூர் ஆட்சியில் இருந்து, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் கும்பினியார் வசமானவை.

வகுப்பில் நான் இவ்வளவும் சொன்னேன். சொல்லாமல் விட்டது இது: இரும்புக் குழல் அழுத்தத்தைத் தாங்கும் வரைதான் தாங்கும், தாங்காதபோது சில்லுகளாகச் சிதறும். காகிதக் குழல் கிழிந்தால் தீப்புண். இரும்புக் குழல் வெடித்தாலோ அது வெடிகுண்டேதான். போர்க்களத்தில் பகைவரிடையே சென்று வெடிப்பது வாணத்திற்குக் குணம். பள்ளிப் பிள்ளைகள் சூழ நிற்கும் இடத்தில் அதுவே கொடுங்குற்றம். இக்காரணத்தினால்தான் மாதிரி ராக்கெட்டுக் கலையில், உடல், மூக்கு, இறக்கை எல்லாம் காகிதம், மரம், நெகிழி போன்ற மெல்லிய பொருள்களால் ஆதல் வேண்டும் என்றும், உந்துபொறியை ஒருவரும் தாமே செய்தல் ஆகாது என்றும் அமெரிக்க நாட்டில் விதி வகுத்தனர். 1957ஆம் ஆண்டளவில் அங்கே இக்கலை தோன்றியதற்குக் காரணமே, ராக்கெட் ஆர்வத்தில் சிறுவர்கள் உலோகக் குழாய்களில் மருந்தடைத்துக் கையும் கண்ணும் இழந்ததுதான். தொழிற்சாலையில் அளவறிந்து செய்யப்பட்ட, தடித்த காகித உறையிட்ட, ஒருமுறை மட்டும் பயன்படும் சிறு உந்துபொறி அக்காலத்தில் உருவாயிற்று. பெரிய அளவுகளில் அலுமினிய உறைகள் உண்டு. அவை தேர்ச்சிச் சான்று பெற்ற பெரியவர்களுக்கு மட்டுமே உரியவை.

எழுத்தும் எண்ணும்

அவ்வாறு செய்யப்படும் பொறிகளின் மேல் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘ஜி80-6’ என்பது ஒரு காட்டு. இம்மூன்றும் மூன்று வேறு வினாக்களுக்கு விடை.

எழுத்து, அப்பொறி தன் வாழ்நாள் முழுதும் தரக்கூடிய மொத்தக் கணத்தாக்கைக் குறிப்பது. விசையை அது செயற்படும் நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு வரும். ‘ஏ’ வகுப்பின் உச்சம் 2.5 நியூட்டன்-விநாடி. ஒவ்வோர் எழுத்துக்கும் உச்சம் இருமடங்காகும்: பி 5, சி 10, டி 20, இ 40, எஃப் 80, ஜி 160. சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைபோல் இது விரைந்து பெருகும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இரண்டெழுத்துத் தள்ளிச் சென்றால் ஆற்றல் நான்கு மடங்கு.

முதல் எண், சராசரி உந்துவிசை நியூட்டன் கணக்கில். இரண்டாம் எண், மருந்து தீர்ந்தபின் குடையை வெளித்தள்ளும் சிறுவெடி நிகழும் வரை எத்தனை விநாடி தாமதம் என்பது.

நம் மாணவரின் மாதிரியை வேதியியல் ஆய்வகத் தராசில் நிறுத்தோம். பொறிக்கென ஒதுக்கிய எடையையும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வந்தது. மாதிரி ராக்கெட்டுகளுள் இது கனத்தது. சிறுவர் விடுவன பெரும்பாலும் நூறு, இருநூறு கிராமுக்குள் அடங்கும். ஒன்றரைக் கிலோ என்பது அமெரிக்க விதிகளில் சிறப்பு அனுமதியின்றி விடத்தக்க எல்லையும் ஆகும். மருந்தின் எடையும் 125 கிராமை மிஞ்சலாகாது.

கனத்த மாதிரிக்குப் பொறி தேர்வோர் பலரும் எழுத்தை மட்டும் நோக்கி ஏமாறுகின்றனர். இதனைச் சற்று விரித்துரைப்பது நலம். இரண்டு பொறிகள் உள்ளன எனக் கொள்வோம். இரண்டும் 120 நியூட்டன்-விநாடி தருவன. ஆகவே இரண்டும் ‘ஜி’ வகுப்பே. ஒன்று 30 நியூட்டன் விசையில் நான்கு விநாடி எரிகிறது. மற்றது 80 நியூட்டன் விசையில் ஒன்றரை விநாடி எரிகிறது. விலை ஒன்று, எழுத்து ஒன்று. நம் மாதிரிக்கு எது பொருந்தும்?

ஒன்றரைக் கிலோவைப் புவி இழுக்கும் விசை ஏறத்தாழ 15 நியூட்டன். முதற்பொறியின் 30 நியூட்டனில் பாதி, தன் எடையைத் தூக்கவே செலவாகிவிடும். எஞ்சிய 15 நியூட்டன் தரும் முடுக்கம் விநாடிக்கு விநாடி 10 மீட்டர். இரண்டு மீட்டர் நீள வழிகாட்டுக் கம்பியை விட்டு நீங்கும்போது அதன் வேகம் விநாடிக்கு 6.3 மீட்டர், மிதிவண்டியை விரைந்து மிதிப்போரின் வேகந்தான். அவ்வேளையில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பக்கக்காற்று வீசினால், ராக்கெட்டின் மேல் படும் காற்று 38 பாகை சாய்ந்து வந்து தாக்கும். இறக்கைகள் காற்றின் முகம் நோக்கித் திரும்புவது இயல்பு. ஆதலின் மாதிரி வானத்தை விட்டுவிட்டு மைதானத்தை நோக்கிச் சாயும். மூன்று விநாடிக்கு மேற்பட்ட மருந்து இன்னும் மிச்சமிருக்க, மனிதர் நிற்கும் திசையில் ஓடும்.

இரண்டாம் பொறியின் 80 நியூட்டனில் எடை போக 65 மிஞ்சும். முடுக்கம் 43. அதே கம்பியை விட்டு விநாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் நீங்கும். அதே காற்று இப்போது 21 பாகையே சாய்ந்து வரும். அதற்குள் இறக்கைகள் பிடிப்புப் பெற்றுவிடும்.

சராசரி உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்றும், கம்பியை நீங்கும் வேகம் விநாடிக்கு 13 அல்லது 14 மீட்டருக்குக் குறையலாகாது என்றும் இக்கலை வல்லோர் கூறுவதன் கருத்து இதுவே. ஆதலால் பொறியை முதலில் வாங்கிவிட்டு ஏவுகருவியைப் பின்னர் யோசிப்பது, குதிரையை வாங்கிவிட்டு அதற்குத் தக்கபடி ஆளைத் தேடுவது போன்றது. விசை குறைந்தால் கம்பி நீள வேண்டும். கம்பி குறுகினால் விசை மிக வேண்டும். இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

தாமதத்தின் எண்ணும் எடையோடு தொடர்புடையது. 80 நியூட்டன் பொறி தீர்ந்துபோகும்போது நம் மாதிரி, காற்றின் தடையைக் கருதாவிடில், விநாடிக்கு ஏறத்தாழ 65 மீட்டர் வேகத்தில் இருக்கும். அவ்வேகம் முற்றும் ஓய்ந்து உச்சியை அடைய ஆறு விநாடிக்குச் சற்று மேல் ஆகும்; தடையையும் சேர்த்தால் ஆறு போதும். மூன்று விநாடியில் குடை விரிந்தால் வேகம் குடையைக் கிழித்தெறியும். பத்து விநாடியில் விரிந்தால், ஒன்றரைக் கிலோ எடை மூக்குக் கீழாக இறங்கி வந்து கொண்டிருக்கும். மேலேறும் ராக்கெட்டைவிடக் கீழிறங்கும் ராக்கெட்டே பெரிதும் அஞ்சத்தக்கது என்று இயற்பியல் துறை நண்பர் ஒருவர் சொன்னதை நான் மறவேன்.

‘பெரிய பொறி கிட்டவில்லையே, சிறிய பொறிகள் மூன்றினைச் சேர்த்துக் கட்டினால் ஆகாதா?’ என்பது மாணவரின் அடுத்த வினா. ஆகும், ஆனால் மூன்றும் ஒரே கணத்தில் பற்ற வேண்டும். ஒன்று பற்றாது போனால், விசை மூன்றில் ஒரு பங்கு குறைவதோடு, எஞ்சிய இரண்டும் ஒரு பக்கமாகத் தள்ளும். மூன்று மாடு பூட்டிய ஏரில் ஓரத்து மாடு படுத்துக்கொண்டால் உழவன் படும் பாட்டை எண்ணிப் பார்க்கலாம். முதன்முறை முயல்வோர்க்கு இது உரியதன்று.

இன்னொன்றும் உண்டு. கனத்த பொறி ராக்கெட்டின் வால்புறத்தில் அமர்கிறது. அதனால் ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகரும். காற்றழுத்தம் தாக்கும் மையத்திற்கு முன்னால், குழலின் ஒரு விட்ட அளவேனும் தள்ளி, ஈர்ப்பு மையம் அமைந்தால்தான் ராக்கெட் நேராகச் செல்லும். பழைய வாணத்தின் நீண்ட குச்சி, அழுத்த மையத்தை வெகுவாகப் பின்னுக்குத் தள்ளி இதனைச் சாதித்தது. இன்று இறக்கைகள் அவ்வேலையைச் செய்கின்றன. வலிய பொறியை இட்டபின் நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, வேண்டுமானால் மூக்கில் சிறிது எடை சேர்க்க வேண்டும். எடை சேர்த்தால் மீண்டும் விசைக் கணக்கு! இச்சுழல் இரண்டு மூன்று முறை சுற்றியே நிலைக்கு வரும். இதில் பொறுமை இழந்தோரே விபத்துக்கு ஆளாவோர்.

ஏவுகருவி

பொறியைப் பற்றிப் பேசுவோர் பலர். ஏவுகருவியைப் பற்றிப் பேசுவோர் சிலர். ஆயினும் 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவில் நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் எழுந்த கதையைப் படித்தோர் இதனை எளிதாக எண்ணார். அன்று விடப்பட்டது அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி. இராமேசுவரத்துப் பிள்ளையாகிய அப்துல் கலாம், ராக்கெட்டை ஒருங்கிணைக்கும் பணியிலும் பாதுகாப்புப் பணியிலும் இருந்தார். ஏவும் நேரம் நெருங்குகையில், ராக்கெட்டைத் தூக்கும் பாரந்தூக்கியின் நீரியல் அமைப்பில் கசிவு கண்டது. பழுதுபார்க்க நேரமில்லை. அனைவரும் சேர்ந்து தம் உடல்வலியாலேயே தூக்கி ஏவுமேடையில் பொருத்தினர் என அவர் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். பொறி பழுதின்றி இருந்தது; ஏவுகருவிதான் கைவிட்டது. பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திற்குச் சென்றபோது, அங்கே வரவேற்புக் கூடத்தில் திப்புவின் படையினர் வாணம் ஏவும் ஓவியத்தைக் கண்டு வியந்ததையும் அந்நூலிலேயே அவர் குறித்துள்ளார்.

நம் மாதிரிக்கு வருவோம். சிறு மாதிரிகளுக்கு மூன்று மில்லிமீட்டர் எஃகுக் கம்பி போதும். ஒன்றரைக் கிலோவை அதில் ஏற்றினால் கம்பி தூண்டிற்கோல்போல் வளைந்து, விடுபடும் கணத்தில் ராக்கெட்டைச் சுண்டி எறிந்துவிடும். இவ்வெடைக்குத் தடித்த கம்பியைக் காட்டிலும், நெடுகத் தவாளிப்புள்ள அலுமினியத் தண்டவாளமே தக்கது. ராக்கெட்டின் உடலில் திருகிய இரண்டு பொத்தான்கள் அத்தவாளிப்பில் வழுக்கிச் செல்லும். இங்கே ஒரு நுட்பம்: மேற்பொத்தான் தண்டவாளத்தை விட்டு நீங்கியதுமே ராக்கெட் சாயத் தொடங்கலாம். ஆகவே தண்டவாளம் இரண்டு மீட்டர் என்றால், பயன்படும் நீளம் இரண்டு மீட்டர் அன்று. தொடக்கத்தில் மேற்பொத்தானிலிருந்து தண்டவாள முனை வரை உள்ள தொலைவே கணக்கு. நம் மாதிரிக்கு இவ்வாறு பார்த்தபோது ஒன்றே கால் மீட்டர்தான் தேறியது. 80 நியூட்டன் பொறிக்குங்கூட வேகம் பத்தரைக்கு இறங்கிவிட்டது. மேற்பொத்தானைச் சற்றுக் கீழிறக்கியும், இரண்டரை மீட்டர்த் தண்டவாளத்தைக் கொண்டும்தான் கணக்கு நேராயிற்று.

தண்டவாளத்தைத் தாங்கும் முக்காலி, காலால் தள்ளினாலும் அசையாததாக இருக்க வேண்டும். மணல்மூட்டை வைப்பது நன்று. பொறியின் வாய்க்குக் கீழே தீச்சுடரைத் தடுக்கும் இரும்புத் தகடு வேண்டும். சுற்றிலும் காய்ந்த புல் இருத்தல் ஆகாது. செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்த்தல் ஆகாது.

பற்றவைத்தல் எப்போதும் மின்சாரத்தால் மட்டுமே. திரிக்கு இக்கலையில் இடமில்லை. திரி எரியும் வேகம் மனிதன் ஓடும் வேகத்தை மதிப்பதில்லை. பன்னிரண்டு வோல்ட் மின்கலம், ஒரு சாவி, அழுத்தினால் மட்டும் இணையும் பொத்தான் ஆகிய மூன்றும் தொடராக அமைய வேண்டும். ஏவுபவர் அச்சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பற்றுக்கம்பியை இணைக்கச் செல்ல வேண்டும். ‘டி’ வகுப்புக்கு மேற்பட்ட பொறிகளுக்கு முப்பதடிக்குக் குறையாத தொலைவில் நிற்க வேண்டும். பற்றாது போனால் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து பின்னரே அணுக வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைக் காத்திருந்தவர் எவரும் வருந்தியதில்லை.

சேர்வராயன் வெளி ஏன் ஆகாது?

இப்போது மாணவரின் முதல் வினாவுக்கு விடை சொல்ல இயலும். அம்மலையுச்சியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 85 விழுக்காடே. தடை குறைவதால் ராக்கெட் சற்று உயரச் செல்லும்; உண்மைதான். ஆனால் அதே காரணத்தால் குடை எட்டு விழுக்காடு விரைவாக இறங்கும். இருநூறு மீட்டர் உயரத்தில் விரிந்த குடை, விநாடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் இறங்குவதாகக் கொண்டால் தரைதொட அரை நிமிடத்திற்குமேல் ஆகும். விநாடிக்கு ஐந்து மீட்டர் காற்று அதனைப் பக்கவாட்டில் 180 மீட்டர் கொண்டு செல்லும். சமவெளி மைதானத்தில் இதற்கு ஓடிப் போய் எடுத்து வரலாம். மலைவிளிம்பிலோ 180 மீட்டர் தள்ளிப்போனால் கீழே காடும் காப்பித் தோட்டமும். கோடையில் புல் காய்ந்திருக்கும். ஒரு பொறி போதும். அன்றியும் அது வழிபாட்டுக்குரிய இடம். பிறர் கைகூப்பி நிற்கும் வெளியில் நம் விளையாட்டை நடத்துவது பண்பாகாது.

விழும் இடம் பற்றிய கவலையே உலகின் ஏவுதளங்கள் பல கடலோரத்தை நாடுவதற்குப் பெருங்காரணம். 2024 ஆகஸ்டு 24ஆம் நாள் சென்னை நிறுவனம் ஒன்று, நடமாடும் ஏவுமேடையிலிருந்து ‘ரூமி-1’ என்னும் கலப்பு எரிபொருள் ராக்கெட்டை விடுத்தது கிழக்குக் கடற்கரைத் திருவிடந்தையில். காயல்பட்டினத்திற்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற ஏவுதளத்திற்கும் காரணம் இத்தகையதே. அங்கிருந்து தெற்கே திறந்த கடல். இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை.

ஒரு செய்தி இடையில். இன்றைய திட எரிபொருள் ராக்கெட்டுகளில் அலுமினியத் தூளும் எரிபொருளாகச் சேர்கிறது. அலுமினியத்தின் தாதுவாகிய பாக்சைட் இச்சேர்வராயன் மலையிலேயே ஒரு காலத்தில் வெட்டியெடுக்கப்பட்டு மேட்டூருக்குச் சென்றது. மலையின் மேல் ராக்கெட் விட விரும்பிய மாணவர் இதனைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் வெடிமருந்து செய்வதும் வைத்திருப்பதும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்திற்கும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. உரிமமின்றி வீட்டில் மருந்து கலப்பது, நோக்கம் அறிவியலே ஆயினும், குற்றம். இக்காலத்தில் நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவன் இரும்புக் குழாயும் மருந்துமாகப் பிடிபட்டால், ‘இயற்பியல் செயல்முறை’ என்று அவன் சொல்லும் விளக்கத்தைக் கேட்க எத்தனை பேர் பொறுத்திருப்பர் என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். இதனை மாணவரின் தந்தையாரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வீட்டினுள் சென்று அந்தக் குழாயைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நல்லவேளையாக அதில் மருந்து ஏறியிருக்கவில்லை.

மருந்தின்றியும் வழியுண்டு. இரண்டு லிட்டர் குளிர்பான நெகிழிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு நீர் நிரப்பி, மிதிவண்டிக் காற்றுப் பம்பினால் நான்கு வளியழுத்தம் வரை ஏற்றி, வாயைத் திறந்துவிட்டால் அதுவும் ராக்கெட்டே. நீர் கீழே பீறிட, புட்டி மேலே எழும். கண்ணாடிப் புட்டியும் உலோகக் கலமும் இதற்கும் ஆகா. கீறல் விழுந்த புட்டியை எறிந்துவிட வேண்டும். ஏற்றும்போது விலகி நிற்க வேண்டும்.

சென்ற பருவத்தில் நம் கல்லூரி மைதானத்தில், இயற்பியல் துறையினர் முன்னிலையில், அம்மாணவர்கள் இத்தகைய ராக்கெட் ஒன்றை விட்டனர். புட்டி ஓர் அரை மீட்டர் நீளக் குழாயில் வழுக்கி எழும்படி அமைத்திருந்தனர். முதன்முறை அது புறப்பட்ட வேகத்திலேயே காற்றின் பக்கம் சாய்ந்து வேப்பமரத்தில் சிக்கிக்கொண்டது. என்ன குறை என்று நான் கேட்பதற்குள், “கம்பி போதவில்லை ஐயா” என்றார் அவர். வழிகாட்டுக் குழாயை இப்போது ஒன்றரை மீட்டருக்கு நீட்டியிருக்கின்றனர். ஒன்றரைக் கிலோ மாதிரி இயற்பியல் ஆய்வகத்து அலமாரியின் மேல் பொறியின்றி நிற்கிறது.